செவ்வாயும் வெள்ளியும்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கண்புரையில் வந்து நின்றுவிடுகிறது. போன மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோதும் அப்படித்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், அறுவை முடிந்த கண்ணை மூடி மூடித் திறந்து, "இப்பத்தான் சுவத்துல பல்லி ஓடுதது தெரியுது" என்றாள். பிறகு என்னைக் காட்டி, "இவளுக்கு என்ன, சின்னதுலயே கழுகுக் கண்ணு. இவளுக்குத் தெரியாம ஊர்ல ஒண்ணும் நடக்காது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலையில் உட்கார்ந்த பிறகு சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். இளையவர்களிடம் சொன்னால், "அதுக்கெல்லாம் இப்ப மாத்திரை இருக்கே" என்பார்கள். அப்போதும் இருந்தது.

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகும் ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் புரட்டாசியில் ஒரு உடைமுள் என் வலது குதிகாலில் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. அம்மா எருக்கம்பால் வைத்தாள், மஞ்சளை அரைத்துச் சூடாகப் பற்றுப் போட்டாள். பத்து நாளில் கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கி, தொட்டால் அலறும்படி ஆனது. அப்பா விதைப்புக்கு உழுதுகொண்டிருந்தார். அம்மா அவருக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். ஆகவே அத்தைதான் என்னைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பா தூக்கி வளர்த்தவள். அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டுவாள். பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வரை என்னை முதுகில் சுமந்தாள். வழியில் மூன்று இடத்தில் நின்றாள். நிற்கும்போதெல்லாம் இருமினாள். அவள் இருமினால் என் வயிறு அவள் முதுகில் குலுங்கியது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது.

டாக்டர் என் காலைக் கீறிச் சீழை எடுத்தார். "எலும்பு வரைக்கும் போயிருக்கு. மூணு மாசம் தரையில ஊனக் கூடாது" என்றார். நான் கத்தி முடித்த பிறகுதான் அவர் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "நீ எத்தன நாளா இருமுத?" என்று கேட்டார். அவளை உள்ளே வரச் சொன்னார்கள். என்னை வெளிப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தரை சிவப்புச் சிமிண்டு, கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. பெஞ்சிலிருந்து வாசல் வரை நாற்பத்தாறு கட்டம். வெயில் பதினோராம் கட்டத்திலிருந்து பத்தொன்பதாம் கட்டத்துக்கு நகர்ந்த பிறகு அத்தை வந்தாள். கண் சிவந்திருந்தது.

எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கித் தந்தாள். தனக்கு வாங்கவில்லை. பஸ்ஸில் ஏறும் முன் என் வலது கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, லேட்டானதுக்கு பஸ்ஸ விட்டுட்டோம்னு சொல்லணும். நான் உள்ள போனத யார்ட்டயும் சொல்லப்பிடாது. சொன்னா என் தல வெடிச்சிரும்."

"சொல்லமாட்டேன் அத்தே" என்றேன்.

அந்த மூன்று மாதம் நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அடியில் பருத்திச் சாக்கு, முன்னால் காலை நீட்டிவைக்க ஒரு மரப்பெட்டி. பள்ளிக்கூடம் இல்லை, ஓட்டம் இல்லை. பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நீங்களும் ஒரு பொழுது இப்படிக் கிடந்திருப்பீர்கள், தெரியும். முதல் வாரம் பைத்தியம் பிடிக்கும். இரண்டாவது வாரம் கண் தானாக வேலை செய்யத் தொடங்கும்.

வாசலுக்கு எதிரே கரிசல் தரை வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பேன். ஐப்பசி பிறந்தபோது குச்சி பாதி போயிற்று. நடு ஐப்பசியில் முழுக் குச்சியும் உள்ளே போய் விழுந்துவிட்டது. மழை வரும் என்று நம்பி அப்பா ஈரமில்லாமல் விதைத்திருந்த கம்பை எறும்புகள் எங்கள் வாசல் வழியாகவே சுமந்துபோயின. அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு எறும்பின் வாயிலிருந்து கம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே போட்டார்.

அம்மாவின் வளையல் சத்தத்தில் அவள் கோபமா இல்லையா என்று தெரியும். எட்டயபுரத்திலிருந்து வரும் காலை பஸ்ஸுக்கும் மத்தியான பஸ்ஸுக்கும் இரைச்சல் வேறு. காலை பஸ்ஸின் பின்பக்கத் தகரம் ஒன்று கழன்று ஆடும். அப்பா நல்ல மனநிலையில் இருந்தால் பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகுவார். இல்லாவிட்டால் விரல் சுடும் வரை இழுப்பார். மழை பொய்க்கப் பொய்க்க அவர் காதில் பீடி பார்ப்பது நின்றுபோனது. அம்மா பக்கத்து வீட்டாரிடம், "இவ கண்ணுல படாதது ஒண்ணும் கெடயாது. கோழி எங்கன முட்ட இட்டிருக்குன்னு இவளக் கேட்டாத்தான் தெரியுது" என்று பெருமையாகச் சொன்னாள். நொண்டிப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே பெருமை. நான் இன்னும் கவனமாகப் பார்த்தேன்.

அதிகம் பார்த்தது அத்தையைத்தான். வீட்டில் அவளும் நானும்தான் பகலெல்லாம் இருந்தோம். அட்டையை மடித்து, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்த பசையைத் தடவி, ஒட்டிய பெட்டிகளை அவள் கோபுரம் கோபுரமாக அடுக்குவாள். முன்பெல்லாம் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஒட்டுவாள். அந்தப் புரட்டாசிக்குப் பிறகு என்னைப் பக்கத்தில் விடவில்லை. கிட்டப் போனால், "அங்கனயே இருட்டி, பச ஒட்டிக்கிடும்" என்பாள்.

வழக்கமாகச் சனிக்கிழமைதான் ஒட்டிய பெட்டிகளைக் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் கொண்டுபோய்ப் போடுவாள். இப்போது செவ்வாயும் வெள்ளியும் போனாள். போகும்போது பவுடரைக் கூடுதலாகப் பூசினாள். சில நாள் பெட்டிக் கட்டு பெரியது, சில நாள் பேருக்கு ஒரு சிறிய கட்டு. திரும்பி வரும்போது இடுப்பில் கையை ஊன்றிக் காலைச் சாய்த்து நடப்பாள், உட்கார்ந்தால் ஒரு பக்கமாக உட்காருவாள். தனக்கென்று ஒரு அலுமினிய டம்ளரை மாட்டுத் தொழுவில் செருகி வைத்திருந்தாள். வேறு யாரும் அதில் குடிக்கக் கூடாது. படுக்கையையும் தொழுவுக்கு மாற்றிக்கொண்டாள், உள்ளே புழுக்கமாம். ஆண்கள் வைத்திருக்கும் கட்டம் போட்ட பெரிய கைக்குட்டை ஒன்று அவளிடம் இருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கொல்லையில் குழி தோண்டி எதையோ போட்டுச் சாம்பலால் மூடுவாள். அந்தக் குழியைக் கிளற எனக்கு ஆசை. கால்தான் விடவில்லை.

கார்த்திகை பிறந்ததும் அத்தை முகம் தெளிந்தது. கன்னம் கொஞ்சம் பூரித்தது. பெட்டி ஒட்டும்போது முனகலாக ஏதோ பாடினாள். அதுவரை நான் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரி கோவில்பட்டிக்குப் போய்விட்டு வந்தவள், கட்டுச்சாமானை இறக்கிவைக்கும் முன்பே எங்கள் வாசலுக்கு வந்தாள். அத்தை டீக்கடை ஓரமாக வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனோடு நின்று பேசிக்கொண்டிருந்ததாகவும், அவன் ஏதோ பொட்டலம் கொடுத்ததாகவும் அம்மாவிடம் சொன்னாள். அம்மாவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

மறுநாள் மத்தியானம் அப்பா காட்டிலிருந்து சீக்கிரம் வந்தார். கால் கழுவவில்லை. என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அம்மா கதவோரம் நின்றாள். அத்தை ஊருணிக்குப் போயிருந்தாள்.

"ஏட்டி, நீ நாளெல்லாம் இங்கன உக்காந்திருக்க. ஒனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு ஒங்கம்மா சொல்லுதா. அத்த எப்பப் போறா, எப்ப வாரா, என்ன செய்யுதா, எல்லாத்தையும் ஒண்ணுவிடாம அப்பாட்ட சொல்லு பாப்போம்."

எனக்குச் சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெரியவர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததைக் கேட்கிறார். ஒன்றுவிடாமல் சொன்னேன். செவ்வாய், வெள்ளி. பவுடர். சின்னக் கட்டு. டம்ளர். தொழுவில் படுப்பது. ஆம்பளைக் கைக்குட்டை. சாம்பல் போட்டு மூடும் குழி. கார்த்திகையிலிருந்து பாடுவது. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அப்பா தலையை அசைத்தார். அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"வேற?" என்றார்.

"போன வெள்ளிக்கெழம வந்ததும் கொல்லையில வாந்தி எடுத்தா. அதுக்கு முந்துன செவ்வாக்கெழமையும்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னதில் இதுதான் பெரிய விஷயம் போலிருக்கிறது என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரிப் பெஞ்சைச் சொல்லவில்லை. சத்தியம் செய்திருந்தேன். அத்தையின் தலை வெடிக்கக் கூடாது.

இருமலையும் சொல்லவில்லை. அதற்குச் சத்தியம் ஒன்றும் இல்லை. பருத்தித் தூசியிலும் பசை வாடையிலும் ஊரில் யார்தான் இருமவில்லை? சொல்லும்படியான விஷயமாக அது எனக்குப் படவில்லை.

அத்தை தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கக்கூட அப்பா விடவில்லை. ஓங்கி அறைந்தார். குடம் விழுந்து, தண்ணீர் என் மரப்பெட்டி வரை ஓடி வந்து, அந்த வெடிப்பில் இறங்கியது.

"எவன்டி அவன்?"

அத்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கேம்லா? எவன்? செவ்வாயும் வெள்ளியும் எவனப் பாக்கப் போன?"

"யாரயும் பாக்கப் போகலண்ணே."

"புள்ள அம்புட்டையும் சொல்லிட்டா. பொய் சொல்லாத."

அத்தை அப்போது என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் இன்று நான் கொஞ்சம் லேசாக இருப்பேன். எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்று என் முகத்தில் தேடினாள், அவ்வளவுதான். பெஞ்சை நான் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவள் தோள் தளர்ந்தது. "அவ பாத்ததெல்லாம் நெசந்தான்" என்று சொல்லிவிட்டுத் தொழுவுக்குள் போய்விட்டாள்.

அதோடு கோவில்பட்டிப் போக்கு நின்றது. பெட்டிகளை வாங்கிப்போக ஆபீசிலிருந்து ஆளை வரச் சொல்லிவிட்டார் அப்பா. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ் வந்தபோது அத்தை வாசல் வரை வந்தாள். தகரம் ஆடும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டுக் குறைந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். வெள்ளிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்த வாரம் வரவில்லை.

தை மாதமே கல்யாணத்தை முடித்தார்கள். என் கால் ஆறிவிட்டது. நான் நொண்டி நொண்டிச் சந்தனக் கிண்ணம் தூக்கினேன். அத்தை அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தாள். கன்னப் பூரிப்பு இன்னும் போகவில்லை. "மாப்ள வீட்டுக்காரவியளுக்குப் பொண்ண ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அப்பாவின் காதில் வெகுநாளைக்குப் பிறகு பாதிப் பீடி இருந்தது.

அடுத்த ஐப்பசியில் அவளை மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, அவளுடைய தகரப்பெட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வண்டிக்காரர் உள்ளே வரவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அத்தையின் முழங்கை எலும்பு மட்டும் பெரியதாகத் தெரிந்தது. கைக்குட்டையில் ரத்தம். பார்த்ததும் அம்மாவுக்குக் காசம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் முன்பு ஒரு குடும்பத்தில் அந்த நோய் வந்திருந்தது. அந்த வீட்டுக் குடத்தை ஊருணியில் இறக்க விடவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்கும் கல்யாணமே ஆகவில்லை.

அத்தை தொழுவிலேயே படுத்தாள். என்னை உள்ளே வர விடவில்லை. நான் வெளியே, வைக்கோல் படப்பின் ஓரம் உட்காருவேன். இருவரும் அவ்வளவு தூரத்திலிருந்து பேசிக்கொள்வோம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அத்தே" என்றேன் ஒருநாள்.

"சொன்னா? என்னய எவனும் கட்டமாட்டான், அது போட்டும். ஒன்னயும்லா கட்டமாட்டான். அந்த வீட்டுப் புள்ளைன்னு சொல்லுவான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நல்லாயிரும்னு நெனச்சேன்ட்டி. நல்லாத்தான இருந்துச்சு, நீயும் பாத்தல்லா?"

"பாத்தேன் அத்தே."

இரண்டு நாள் கழித்து அப்பா அவளைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோக வண்டி கட்டினார். ஏறும் முன் அத்தை, "அண்ணே, பொட்டியில சீலைக்கு அடியில ஒரு அட்ட இருக்கும். அத எடுத்துக்கோ. அங்க கேப்பாவ" என்றாள்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மஞ்சள் அட்டையை என்னிடம் நீட்டினார். மேலே அத்தையின் பெயர், வயது, எங்கள் ஊர். கீழே வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீல மையில் தேதியும் ஒரு கையெழுத்தும். ஊசி போட்டு, மாத்திரையை அங்கேயே விழுங்கவைத்த நாட்கள். எல்லாம் செவ்வாய், வெள்ளி. டீக்கடை ஓரம் பொட்டலம் கொடுத்த வெள்ளைச் சட்டைக்காரனும் ஆஸ்பத்திரி ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"எதுவரைக்கும் போட்டிருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"போன கார்த்திக வரைக்கும்."

"பெறகு?"

"பெறகு வெறுங்கட்டம்."

அட்டையின் அடியில் தமிழில் அச்சடித்திருந்ததையும் படித்தேன். குணமானதுபோல் தோன்றினாலும் ஒரு வேளையும் தவறக் கூடாது, நடுவில் நிறுத்தினால் நோய் திரும்ப வந்து மருந்துக்குக் கட்டுப்படாது. பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படித்தேன். அம்மா, "போதும்ட்டி, போதும்" என்றாள்.

அப்பா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"எல்லாத்தையும் பாத்தியே. எறும்பு கொண்டுபோன கம்பக்கூடப் பாத்தியே. அவ இருமுனது ஒன் கண்ணுல படலியா?"

"பட்டுச்சு."

"பெறகு ஏன் சொல்லல?"

வண்டிக்குள்ளிருந்து அத்தை, "அண்ணே, புள்ளயக் கேக்காத. வண்டிய விடு" என்றாள். அவளுக்குக் குரலே இல்லை. ஆனாலும் எங்கள் மூவருக்கும் கேட்டது.

நான் என்ன சொன்னேன் என்பதுதான் உங்களிடம் சொல்ல வந்தது. எனக்குப் பத்து வயது. பயமாக இருந்தது. ஆனாலும் நான் சொன்னது உண்மைதான்.

"நீங்க இருமலக் கேக்கலப்பா."

அப்பா நிமிர்ந்து, வண்டியில் ஏறி, மாட்டை ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை மருந்து கேட்கவில்லை. ஏழு வாரம் வைத்திருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மார்கழிக் கடைசியில் ஒரு காலை, வெயில் ஏறிய பிறகு அத்தை இறந்தாள். அவளுடைய பாய், சேலை, தகரப்பெட்டி எல்லாவற்றையும் ஓடைக்கரையில் போட்டு எரித்தார்கள். அட்டையையும் அதில் போட்டார்கள். எடுத்துவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை.

பிற்காலத்தில் ஒருவர் என்னைக் கல்யாணம் கட்டிக்கொண்டார். அத்தை பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த நோய் இருந்ததாக அவர் வீட்டில் யாரும் விசாரிக்கவே இல்லை.

அப்பா அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். என்மேல் கோபம் என்று ஒருநாளும் காட்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குத் துணி எடுத்துத் தந்தார், என் கல்யாணத்துக்கு ஓடி ஓடி உழைத்தார், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். ஆனால் என்னிடம் எதையும் கேட்கமாட்டார். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்பதையும் அம்மாவிடம், "அவ என்ன சொல்லுதா?" என்றுதான் கேட்டார். நான் ஊரிலிருந்து போய் நின்றால், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், "தட்டு வைங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்வார். கடைசியில் கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான்தான் பதினோரு நாள் கூட இருந்தேன். கண் தெரியவில்லை, ஆனால் ஆள் வந்து நிற்பது தெரியும். கட்டிலை ஒட்டி நான் உட்கார்ந்திருப்பேன். அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, வராந்தாவில் யாராவது நடக்கும் சத்தம் வரும்வரை பொறுத்திருந்து, வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "நர்சம்மா, மணி என்னாச்சு?" என்று கேட்பார்.